நிரூபணத்தின் எல்லை: இமாம் கஸ்ஸாலியின் ஐயத்தை மறுபடியும் வாசித்தல்

ஐரோப்பியத் தத்துவஞானி டெகார்ட்டுக்கு ஐந்து நூற்றாண்டுகளுக்கு முன்னரே ஐயத்தை ஓர் ஆய்வு நெறியாகக் கையாண்டவர் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) என்னும் கூற்று நம் மேடைகளிலும் ஏடுகளிலும் அடிக்கடி ஒலிப்பதாகும். இன்னும் ஒரு படி மேலே சென்று, கஸ்ஸாலியின் நூலைப் படித்தே டெகார்ட் தம் 'தியானங்களை' எழுதினார் என உரைப்போரும் உளர். இக்கட்டுரையாளனும் இளமையில் இதனைச் சொல்லிக் கைதட்டல் பெற்றவன்தான். ஆயின், இதற்கான ஆதாரம் யாது? 'அல்முன்கித் மினள் ளலால்' (வழிகேட்டிலிருந்து மீட்பது) பாரிஸில் ஷ்மோல்டர்ஸின் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு அச்சேறியது 1842இல். அதற்கு வெகு முன்னர், 13ஆம் நூற்றாண்டில், ரமோன் மார்தி என்னும் கத்தலானியத் துறவி அந்நூலை அறிந்து எடுத்தாண்டிருக்கிறார் என்பது மெய்யே. ஆனால் அங்கிருந்து 1641இல் வெளிவந்த டெகார்ட்டின் நூலுக்கு ஒரு பாதை இருந்ததென எவரும் இதுகாறும் நிறுவவில்லை. எது நிரூபணம், எது நிரூபணம் போல் தோன்றும் பேச்சு என்பதை நம் மரபில் மிகக் கறாராகப் பிரித்தறிந்த ஒருவரைப் புகழ்வதற்கு நிரூபணமற்ற ஒரு செய்தியை நாம் பயன்படுத்தி வருகிறோம்.

இது வெறும் தகவல் பிழையாயின் விட்டுவிடலாம். 'யார் முந்தியவர்' என்னும் பெருமிதம், அவர் என்ன சொன்னார் என்பதை மறைத்துவிட்டது என்பதே என் குறை. கஸ்ஸாலியைப் பற்றி இன்று நம்மிடையே இரு வாசிப்புகள் நிலவுகின்றன. அறிவால் எதையும் முடிவாக நிறுவ இயலாது என இமாம் காட்டிவிட்டார், ஆதலால் கேள்வியை நிறுத்தி நம்புவதே வழி என்பது ஒன்று. தத்துவத்தின் கழுத்தை நெரித்து, முஸ்லிம் உலகில் அறிவியலின் வீழ்ச்சிக்கு வித்திட்டவர் அவரே என்பது மற்றொன்று. முதலாமவர் போற்றுகின்றனர், இரண்டாமவர் தூற்றுகின்றனர். அவர் அறிவை நிராகரித்தார் என்பதில் மட்டும் இருவரும் உடன்படுகின்றனர். அந்த உடன்பாட்டைத்தான் நூல்களைக் கொண்டு பரிசோதிக்க வேண்டியிருக்கிறது.

முன்கித்தின் தொடக்கத்தில் இமாம் தாம் தேடும் உறுதியான அறிவுக்கு ஓர் இலக்கணம் வகுக்கிறார். அறியப்படும் பொருள் எவ்வித ஐயத்துக்கும் இடமின்றி வெளிப்பட வேண்டும். பிழைக்கான சாத்தியத்தை உள்ளம் கற்பனை செய்யவும் கூடாது. இதற்கு அவர் தரும் எடுத்துக்காட்டு நம் கவனத்துக்குரியது. மூன்றைவிடப் பத்து பெரிது என நான் அறிந்திருக்கிறேன். ஒருவர் வந்து, 'இல்லை, மூன்றே பெரிது. அதற்குச் சான்றாக இக்கைத்தடியைப் பாம்பாக்கிக் காட்டுகிறேன்' எனக் கூறி, என் கண்ணெதிரே அவ்வாறே செய்தும் காட்டுகிறார். அப்போதும் என் அறிவில் எனக்கு ஐயம் எழாது; இவர் இதனை எவ்வாறு செய்தார் என்னும் வியப்பு மட்டுமே எஞ்சும் என்கிறார் இமாம்.

இதைச் சொல்பவர் யார் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். ஹிஜ்ரி 484இல் (கி.பி. 1091) நிழாமுல் முல்கினால் பக்தாதின் நிழாமிய்யாவில் அமர்த்தப்பட்டவர்; அஷ்அரி கலாம் மரபில் ஊறியவர். தூதரின் உண்மையை முஃஜிஸாவைக் கொண்டு நிறுவுவது அம்மரபின் அடிப்படை வாதங்களுள் ஒன்று. அதிலும் கைத்தடி பாம்பாதல் மூஸா நபிக்கு (அலை) அருளப்பட்ட அத்தாட்சி. வேறெத்தனையோ அற்புதங்கள் இருக்க, இமாம் அக்கைத்தடியையே எடுத்துக்கொண்டது தற்செயலாகத் தோன்றவில்லை. எண்ணைப் பற்றிய ஓர் எளிய உண்மையை அற்புதத்தால் அசைக்க முடியாது. அற்புதம் நிகழ்ந்தது என்பதும் அது ஒரு கூற்றை மெய்ப்பிக்கிறது என்பதும் வெவ்வேறு. அறிவை நிராகரித்த ஒருவரின் தொடக்கம் இவ்வாறு இருக்க இயலுமா?

பின்னர் அவர் தம் அறிவுகளை ஒவ்வொன்றாகச் சோதிக்கிறார். தக்லீத், அதாவது முன்னோரைப் பின்பற்றிப் பெற்ற நம்பிக்கை, முதலிலேயே உதிர்ந்துவிட்டது. கிறிஸ்தவர்களின் குழந்தைகள் கிறிஸ்தவராகவும் யூதரின் குழந்தைகள் யூதராகவும் முஸ்லிம்களின் குழந்தைகள் முஸ்லிம்களாகவும் வளர்வதைச் சிறுவயதிலேயே கண்டதாக அவரே பதிவு செய்கிறார். தக்லீத் என்னும் கண்ணாடி ஒருமுறை உடைந்தால் ஒட்டவைக்க இயலாது. உருக்கி மறுபடியும் வார்க்கத்தான் வேண்டும் என்பது அவருடைய உவமை. அடுத்துப் புலனறிவு. அசைவற்றதாகத் தோன்றும் நிழல் நகர்ந்திருப்பதைச் சற்று நேரம் கழித்து அனுபவம் காட்டுகிறது. ஒரு தீனார் அளவே தோன்றும் விண்மீன் பூமியினும் பெரிதெனக் கணிதம் நிறுவுகிறது. புலன்களைப் பொய்ப்பிக்க அறிவு என்னும் நீதிபதி வந்தாற்போல, அறிவைப் பொய்ப்பிக்க அதற்கு மேல் ஒரு நீதிபதி இருக்கலாகாதா? கனவில் கண்டவற்றை மெய்யென நம்பி விழித்தபின் நகைக்கிறோமே, இவ்விழிப்பும் வேறொரு விழிப்பின் முன் கனவாக இருக்கலாகாதா?

இவ்வினாவுக்கு நிரூபணத்தால் விடையளிக்க இயலாது. ஏனெனில் எந்த நிரூபணத்தையும் முதல் அறிவுகளைக் கொண்டே கட்ட வேண்டும். இங்கே ஐயத்துக்கு உள்ளானவை அம்முதல் அறிவுகளே. ஏறத்தாழ இரண்டு மாதங்கள், வாயால் சொல்லாவிடினும் நிலையால் தாம் ஸஃப்ஸதாக்காரராக, அதாவது அனைத்தையும் மறுக்கும் ஐயவாதியாக, இருந்ததாக அவர் கூறுகிறார். பின்னர் நோய் நீங்கியது. வாதத்தைக் கோத்ததால் அன்று, அல்லாஹ் நெஞ்சில் இட்ட ஓர் ஒளியினால்.

இந்த ஒளி என்ற சொல்லில்தான் இரு வாசகர்களும் வழுக்கி விழுகின்றனர். 'பார்த்தீர்களா, அறிவு தோற்றது, ஒளி வென்றது' என்கிறார் ஒருவர். 'பார்த்தீர்களா, வாதம் தீர்ந்ததும் மறைஞானத்துக்குள் ஒளிந்துகொண்டார்' என்கிறார் மற்றவர். அவ்வொளி திரும்பக் கொடுத்தது எதை? இமாமின் வாக்குமூலம் தெளிவானது. அறிவின் தவிர்க்க இயலா உண்மைகள் (அள்ளரூரிய்யாத்துல் அக்லிய்யா) ஏற்கத்தக்கனவாகவும் நம்பத்தக்கனவாகவும் மீண்டன. அகீதாவின் எந்தவொரு கோட்பாடும் அந்தக் கணத்தில் அருளப்பட்டதாக அவர் கூறவில்லை. பத்து மூன்றைவிடப் பெரிது என்பதே திரும்ப வந்தது. அறிவை மீட்பதற்காக வந்த ஒளியை அறிவுக்கு எதிரான சாட்சியாக நாம் நிறுத்தியிருக்கிறோம்!

அனைத்தையும் நிரூபிக்க இயலாது என்பது கஸ்ஸாலியின் கண்டுபிடிப்பன்று. ஒவ்வொன்றுக்கும் சான்று கேட்டால் ஒன்று முடிவின்றிப் பின்செல்ல நேரிடும், அன்றி வட்டமாகச் சுழல நேரிடும் என அரிஸ்டாட்டில் தம் நிரூபண நூலில் கூறியிருந்தார். அது 'கிதாபுல் புர்ஹான்' என்னும் பெயரில் அரபு அறிஞர்களின் கையில் இருந்தது. முதற்கோள்கள் நிரூபணமின்றியே அறியப்படுகின்றன என்பதில் அரிஸ்டாட்டிலும் இமாமும் ஒன்றே. முதற்கோள்களின்மீது நமக்குள்ள நம்பிக்கை இயல்பானது என்று அரிஸ்டாட்டில் நின்றுவிடுகிறார். அதுவும் ஓர் அருளே, பறிக்கப்படக் கூடியது என்கிறார் இரண்டு மாதங்கள் அதை இழந்திருந்தவர். டெகார்ட்டிடமிருந்து அவர் விலகும் இடமும் இதுவே. டெகார்ட், தெளிவாக அறிந்தவற்றின் நம்பகத்தை, ஏமாற்றாத இறைவன் ஒருவன் உளன் என்னும் நிரூபணத்தால் மீட்க முயன்றார். அந்நிரூபணத்தையே தெளிவான அறிவை நம்பித்தானே அமைத்தீர் என அர்னோ அவரை வினவியதும் இது வட்டமாயிற்று எனப் பலரும் கண்டதும் தத்துவ வரலாற்றில் புகழ்பெற்றவை. கஸ்ஸாலி அவ்வட்டத்துக்குள் இறங்கவே இல்லை. அவரை டெகார்ட்டின் முன்னோடியாக்குபவர்கள் அவருடைய ஆகச் சிறந்த முடிவைக் காணத் தவறுகின்றனர்.

எனினும், 'ஒளி' என்பது பிறரை இணங்கவைக்கும் சான்றாகாது. தம் நெஞ்சில் ஒளி பட்டது என எவரும் எதற்கும் சொல்லலாம். இமாமும் அதனை வாதமாக முன்வைக்கவில்லை, நிகழ்ந்ததாகவே அறிவிக்கிறார். வேறுபாட்டை அவருடைய அபிமானிகள் மறந்துவிடுகின்றனர்.

இனித் 'தஹாஃபுத்துல் ஃபலாஸிஃபா'வுக்கு வருவோம். ஹிஜ்ரி 488இல் (கி.பி. 1095) நிறைவுற்ற இந்நூல், ஃபாராபியும் இப்னு ஸீனாவும் முன்வைத்த மெய்யியலை இருபது பிரச்சினைகளில் எதிர்கொள்கிறது. இதன் முன்னுரைகளைப் படிக்காமலேயே இதனைப் பற்றிப் பேசுவோர் மிகப் பலர். சந்திர கிரகணம் சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே பூமி வருவதால் நிகழ்வது என்பதைக் கணிதமும் வடிவியலும் ஐயத்துக்கு இடமின்றி நிறுவியுள்ளன. இதை மறுப்பது மார்க்கக் கடமை என எண்ணுபவன் மார்க்கத்துக்கே தீங்கிழைக்கிறான் என அங்கே எழுதுகிறார். தவறான வழியில் மார்க்கத்துக்கு உதவ வருபவன், முறையான வழியில் அதனைத் தாக்குபவனைவிட அதிகக் கேடு விளைவிக்கிறான் என்பது அவர் கருத்து. இவரையா அறிவியலின் பகைவர் என்பது?

அவருடைய குற்றச்சாட்டு வேறு. நிரூபணத்துக்கு என்னென்ன நிபந்தனைகள் வேண்டும் என்பதைத் தத்துவவாதிகளே தம் தருக்க நூல்களில் விதித்திருக்கின்றனர். கணிதத்தில் அவற்றை நிறைவேற்றுகின்றனர். இறையியலுக்கு வந்ததும் அவற்றில் ஒன்றையேனும் நிறைவேற்ற இயலாமல், கணிதத்தில் ஈட்டிய நற்பெயரை இங்கே செலவிடுகின்றனர். ஆகவே இந்நூல் நிரூபணத்தின் மீதான தாக்குதல் அன்று. நிரூபணத்தின் பெயரால் தாக்குதல். தாம் இதில் எதையும் நிலைநாட்ட வரவில்லை, அவர்களின் கூற்று நிலைநாட்டப்படவில்லை என்று காட்டவே வந்ததாகவும் இமாம் தெளிவுறுத்துகிறார்.

மிகுந்த சர்ச்சைக்கு உள்ளானது பதினேழாம் பிரச்சினை. நெருப்பு பஞ்சைத் தொடுகிறது, பஞ்சு எரிகிறது. நாம் காண்பது ஒன்றன் உடனிகழ்வாக மற்றொன்று நிகழ்வதை மட்டுமே. ஒன்றினால் மற்றொன்று நிகழ்வதை யாரும் கண்டதில்லை. பிறவிக் குருடன் ஒருவனின் கண்திரை பகலில் சட்டென விலகுமாயின், கண் திறந்ததே நிறங்களைக் காட்டுகிறது என அவன் முடிவு கட்டிவிடுவான். கதிரவன் மறைந்த பின்னரே ஒளியின் பங்கு அவனுக்குப் புலப்படும். நம் காரணங்களுக்கு அப்பால் நாமறியாக் காரணம் இல்லையென எவ்வாறு துணிவது?

இப்னு ருஷ்த் இதற்குத் 'தஹாஃபுத்துத் தஹாஃபுத்'தில் கொடுத்த பதில் கடுமையானது. அதே வேளை நுட்பமானது. பொருள்களின் இயல்புகளை மறுப்பவன் அறிவையே மறுக்கிறான். காரணங்களைக் கொண்டு பொருள்களை அறிவதன்றி அறிவு வேறெதுவுமன்று. காரணத் தொடர்பு வெறும் 'வழக்கம்' (ஆதத்) என்கிறீர்களே, யாருடைய வழக்கம்? இறைவனுடையதா? வழக்கம் என்பது செயலை மீண்டும் மீண்டும் செய்து ஈட்டப்படும் பழக்கம்; அது இறைவனுக்குப் பொருந்தாது. பொருள்களுடையதா? உயிரற்றவற்றுக்கு வழக்கமில்லை, இயல்பே உண்டு. தீர்ப்புரைக்கும் நம்முடையதா? எனில் அது அறிவின் செயலன்றி வேறில்லை. 'வழக்கம்' என்ற ஒரு சொல்லை இவ்வளவு துல்லியமாக எவரும் அறுத்துப் பார்த்ததில்லை.

என் மதிப்பீட்டைச் சொல்ல வேண்டுமாயின், அச்சொல்லைப் பொறுத்தவரை வெற்றி இப்னு ருஷ்துக்கே. ஆனால் எழுப்பப்பட்ட வினா வீழவில்லை. இயல்புகள் இருந்தால்தான் அறிவு சாத்தியம் என்பது, இயல்புகள் நம் கண்ணுக்குத் தெரிகின்றன என்பதற்கு நிரூபணமாகாது. காரணத் தொடர்பை அனுபவத்தில் காண இயலாது என்பதை 18ஆம் நூற்றாண்டில் ஹியூம் வேறு வழியாக மீண்டும் எழுப்பியபோதும் அது எளிதில் தீரவில்லை. மேலும், இரு மல்லர்களின் ரசிகர்களைப் போல நாம் பிரிந்து நிற்பதால் காணத் தவறும் ஒன்றுண்டு. அதே பதினேழாம் பிரச்சினையில், நெருப்புக்கு எரிக்கும் இயல்பு உண்டென ஏற்றுக்கொண்டே வாதத்தைத் தொடரும் இரண்டாம் வழியொன்றையும் இமாம் திறந்துவைக்கிறார்; தால்க் என்னும் கனிமத்தைப் பூசிக்கொண்டு உலைக்குள் அமர்பவனை நெருப்பு சுடாததை அங்கே எடுத்துக்காட்டுகிறார். இயல்புகளை மறுப்பது அவருக்கு முடிந்த முடிபன்று. அவ்வாறே, இப்னு ஸீனாவின் பல வாதங்கள் நிரூபணத் தகுதி பெறவில்லை என்பதை இப்னு ருஷ்தும் பல இடங்களில் ஒப்புக்கொள்கிறார்.

தஹாஃபுத்துக்குப் பின் சிந்தனை செத்துவிட்டது என்னும் கதையும் உண்மைக்கு மாறானது. 15ஆம் நூற்றாண்டில் சுல்தான் முஹம்மத் அல்ஃபாதிஹ், இதே விவாதத்தைத் தீர்த்தெழுதுமாறு கோஜாஸாதா, அலாவுத்தீன் அத்தூஸி என்னும் இரு அறிஞர்களைப் பணித்ததும் இருவரும் தனித்தனி நூல் யாத்ததும் வரலாறு. இமாமே மரணத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஹிஜ்ரி 503இல் முடித்த 'அல்முஸ்தஸ்ஃபா'வில், உஸூலுல் ஃபிக்ஹ் நூலொன்றின் வாயிலில் மன்திக்கை (தருக்கவியலை) நிறுத்தி, அதை அறியாதவரின் அறிவு நம்பத்தக்கதன்று என்றார். இதற்காக இப்னுஸ் ஸலாஹ் போன்றோர் அவர்மீது சினங்கொண்டனர். நம் மதரஸாக்களில் 'ஈஸாகூஜி' ஓதப்பட்டதெனில், அதற்கு வழிதிறந்தவர்களுள் கஸ்ஸாலி முதன்மையானவர்.

கஸ்ஸாலிமீது எனக்குள்ள உண்மையான விமர்சனம் தஹாஃபுத்தின் இறுதிப் பக்கத்தைப் பற்றியது. இருபதில் பதினேழைப் பித்அத் வகையில் சேர்த்துவிட்டு, மூன்றில் தத்துவவாதிகளைக் காஃபிர் என அறிவிக்கிறார்: உலகம் தொடக்கமற்றது, இறைவன் தனிப்பொருள்களைத் தனிப்பொருள்களாக அறியான், உடல்கள் எழுப்பப்படா என்பன. முந்நூறு சொச்சம் பக்கங்களில் அவர் காட்டியது, இவை நிறுவப்படவில்லை என்பதை. நிறுவப்படாதது வேறு, பொய்யென நிறுவப்பட்டது வேறு, குஃப்ர் என்பது முற்றிலும் வேறு. மூன்றாவதற்கு வஹீயின் சொற்பொருள் குறித்த தனி ஆதாரம் வேண்டும். அதனை இந்நூல் மிகச் சுருக்கமாகவே தருகிறது. எதிராளியிடம் அணுவளவும் விட்டுக்கொடாமல் நிரூபணம் கேட்டவர், தம் முறை வந்தபோது விரைந்து கடந்துவிட்டார் என்றே எனக்குப் படுகிறது.

அவருக்கே இது உறுத்தியிருக்குமோ? பின்னாளில் எழுதிய 'ஃபைஸலுத் தஃப்ரிகா'வில், வெளிப்படைப் பொருள் சாத்தியமற்றது எனப் புர்ஹான் காட்டுமாயின் விளக்கம் கொள்ளலாம் என விதி செய்கிறார். எது புர்ஹான் என்பதிலேயே மக்கள் வேறுபடுவார்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறார். மேற்சொன்ன மூன்றில் இரண்டைப் பற்றிய தீர்ப்பை அங்கும் அவர் கைவிடவில்லை என்பதை மறைக்கலாகாது. ஆனால் கலிமாவை மொழிந்து அதற்கு முரண்படாதிருக்கும் கிப்லாவினரைப் பற்றி இயன்றவரை நாவைக் காத்துக்கொள்ளுங்கள். தக்ஃபீரில் ஆபத்துண்டு, மௌனத்தில் ஆபத்தில்லை என்னும் அறிவுரையையும் அந்நூலே தருகிறது. 'ஃபஸ்லுல் மகாலி'ல் இப்னு ருஷ்த் இந்த ஃபைஸலையே எடுத்துக்காட்டி, கஸ்ஸாலியின் தக்ஃபீர் அறுதியானதன்று என வாதிடுகிறார். எதிரியை அவர்தம் நூலைக் கொண்டே மென்மையாக்கிய அறிவு நேர்மை அது. ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொண்டு ஒரு ஜமாஅத் மற்றொன்றைக் காஃபிராக்கும் காலத்தில் வாழும் நாம் இப்பக்கங்களைப் படிக்கும்போது சற்று நாண வேண்டியிருக்கிறது.

நிரூபணத்துக்கு எல்லை உண்டெனில் மார்க்கத்தின் உறுதி எங்கிருந்து வந்தது? முன்கித்தில் அதிகம் பேசப்படாத ஒரு வாக்கியம் உண்டு. பக்தாதைத் துறப்பதற்கு முன்னரே இறைவன், தூதுத்துவம், இறுதிநாள் ஆகிய மூன்றும் தம்முள் வேரூன்றிவிட்டன. குறித்தெழுதத்தக்க தனியொரு ஆதாரத்தால் அன்று, எண்ணி வகுக்க இயலாத காரணங்களாலும் சூழ்நிலைகளாலும் அனுபவங்களாலும் என்கிறார். உஸூல் படித்தோர் இதனைத் 'தவாத்துர்' பற்றிய அவருடைய விளக்கத்தோடு உடனே இணைத்துப் பார்ப்பர். மக்காவைக் காணாதவரும் மக்கா உண்டென உறுதியாக அறிவர். எத்தனையாவது அறிவிப்பாளரின் சொல்லால் அவ்வுறுதி பிறந்தது என எவராலும் சொல்ல முடியாது. புர்ஹானுக்கும் தக்லீதுக்கும் இடையே விரிந்து கிடக்கும் நிலம் இது.

கைத்தடி இரண்டாம் முறை தோன்றுவதும் இங்கேதான். ஷாஃபிஈ ஒரு ஃபகீஹ் என்பதையும் ஜாலினூஸ் ஒரு மருத்துவர் என்பதையும் எவ்வாறு அறிகிறோம்? ஃபிக்ஹையும் மருத்துவத்தையும் ஓரளவு கற்று அவர்தம் நூல்களைப் படித்து அறிகிறோம். தூதரையும் அவ்வாறே அறிக. தடி பாம்பானதையும் சந்திரன் பிளந்ததையும் மட்டும் கொண்டு உறுதி தேடாதே, அது சூனியமோ மயக்கமோ என்ற ஐயம் எழக்கூடும் என்கிறார். நூலின் தொடக்கத்தில் கணிதத்துக்கு எதிராக வலுவிழந்த தடி, முடிவில் தூதுத்துவத்துக்குச் சார்பாகவும் தனித்து நிற்கும் வலுவற்றதாகிறது. அறிவியல் கண்டுபிடிப்பு ஒவ்வொன்றையும் குர்ஆனின் முஃஜிஸாவாகக் காட்டி நம்பிக்கை ஊட்ட முயலும் நம் எழுத்தாளர்கள் இவ்விடத்தில் நின்று யோசிக்க வேண்டும்.

ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. எண்ணற்ற அனுபவங்களின் திரட்சி கிறிஸ்தவருக்கும் யூதருக்கும் அவரவர் நம்பிக்கையில் உண்டன்றோ? உடைந்த கண்ணாடியைப் பற்றிப் பேசிய சிறுவனின் வினா முழு வட்டமடித்துத் திரும்பி வருகிறது. சுவைத்தவனே அறிவான் (தவ்க்) என்னும் இமாமின் விடை சுவைத்தவருக்குப் போதும். சுவையாதவருக்கும், உள்ளே சென்று வேறு சுவை கண்டவருக்கும் போதாது. முன்கித் இதற்கு முழுமையாக விடையளித்ததாக நான் கருதவில்லை.

ஆனால் ஃபைஸலில், ஏனைய சமூகத்தாரின் மறுமை நிலையைக் குறித்துப் பேசுமிடத்தில் இமாம் இவ்வினாவை வேறொரு பக்கமிருந்து தொடுகிறார். தூது எட்டாதோரையும் திரிக்கப்பட்ட வடிவிலேயே அதனைக் கேள்விப்பட்டோரையும் மன்னிப்புக்குரியோர் என்கிறார். அதன்பின், மெய்யாகவே செய்தியைக் கேட்டு, தேடல் தூண்டப்பட்டு, சோம்பலின்றி ஆராய்ந்துகொண்டிருக்கையில், உண்மையை நிறுவி முடிப்பதற்கு முன்னரே மரணம் வந்தடைந்த ஒருவனைப் பற்றிச் சொல்கிறார். அவனும் மன்னிக்கப்பட்டவனே, விசாலமான அந்த ரஹ்மத் அவனையும் சேரும்.